இரண்டு வீட்டுக் கிறிஸ்துமஸ்: நெல்லைச் சீமைத் தம்பதிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் மெஞ்ஞானபுரத்துப் பெண். அவருக்குப் பாளையங்கோட்டை. எங்கள் வீடு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), அவர் வீடு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்). கல்யாணமான முதல் டிசம்பரில் சென்னையிலிருந்து 25ஆம் தேதி காலையில்தான் வந்து இறங்கினோம். மத்தியானச் சாப்பாடு அவர் வீட்டில், அது முடிந்ததும் எங்கள் வீட்டில், நாளைச் சரிபாதியாகப் பிரித்துவிடலாம் என்பது எங்கள் திட்டம். பாளையங்கோட்டையில் விருந்தாளிகள் எல்லாரும் சாப்பிட்டு எழும்பவே மூன்று மணி. ஊர் போய்ச் சேரும்போது ஐந்து. அம்மா அதுவரை சாப்பிடவில்லை. "கொழம்ப மூணு தடவ சுட வச்சிட்டேன், மாப்ள வாரதுக்குள்ள ஆறி ஆறிப் போவுதுல்லா" என்றாள். அவர் வயிறு நிறைந்திருந்தும் மறுபடி இலையில் உட்கார்ந்தார். அம்மாவுக்கும் நிறைவில்லை, எங்களுக்கும் நிறைவில்லை.

பிறகு பேசிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பாதி நாளை எங்களிடம் யாருமே கேட்கவில்லை. அம்மாவுக்கு வேண்டியிருந்தது விடியற்காலை ஆராதனையில் மகள் பக்கத்தில் நிற்பது. அத்தைக்கு வேண்டியிருந்தது நடுச்சாமப் பூசை முடிந்து வந்து கிறிஸ்துமஸ் குடிலில் பாலன் இயேசுவை வைக்கும்போது மகனும் மருமகளும் கூட இருப்பது. நாங்கள் இரண்டையும் விட்டுவிட்டு இரண்டு வீட்டிலும் சாப்பிட்டிருக்கிறோம். அதற்கப்புறம் கழிந்த கிறிஸ்துமஸ்களில் நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் மாத வரிசைப்படி இங்கே எழுதுகிறேன்.

அக்டோபர் தொடக்கம்: கேளுங்கள்

எந்த வேலைக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களிடமும் தனித்தனியாக ஒரே கேள்வி: "கிறிஸ்துமஸ் அன்னைக்கு நாங்க எந்த நேரத்துக்கு வீட்ல இருக்கணும்னு உங்களுக்கு ஆசை?" எந்த நாள் வேண்டும் என்று கேட்காதீர்கள். நாளைக் கேட்டால் எல்லாரும் 25 என்றுதான் சொல்வார்கள். நேரத்தைக் கேட்டால் மனதில் உள்ளது வெளியே வரும்.

ஒரு வீட்டில் அது விடியற்காலை ஆராதனையாக இருக்கும். இன்னொரு வீட்டில் 23ஆம் தேதி ராத்திரி பலகாரம் சுடும் அடுப்படியாக இருக்கும். எங்கள் பெரியம்மா ஒருத்திக்கு, பிள்ளைகள் எல்லாரும் வந்து ஆச்சியின் கல்லறையில் மெழுகுவர்த்தி வைத்தால் போதும். சாப்பாட்டைப் பற்றி அவள் கேட்டதே இல்லை. இப்படி ஒவ்வொரு வீட்டிலும் விட்டுக்கொடுக்க முடியாத ஒரு நேரம் இருக்கும். அதைக் கண்டுபிடித்துக் காப்பாற்றிவிட்டால் மற்றதை எல்லாரும் தாராளமாக விட்டுத் தருவார்கள்.

கேட்பவர் யார் என்பதும் முக்கியம். அவரவர் பெற்றோரிடம் அவரவர்தான் பேச வேண்டும். "இந்த வருஷம் மத்தியானத்துக்கு மேலதான் வருவோம்" என்பதை என் அம்மாவிடம் நான்தான் சொல்வேன், அவருடைய அம்மாவிடம் அவர்தான் சொல்வார். மருமகள் வாயால் சொன்னால் மருமகள் பிரிக்கிறாள் என்று ஆகும், மாப்பிள்ளை சொன்னால் மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லை என்று ஆகும். பெற்ற பிள்ளை சொன்னால் இரண்டு நாள் வருத்தத்தோடு போய்விடும்.

தலைக் கிறிஸ்துமஸ் என்றால் கணக்கு வேறு. பல வீடுகளில் அந்த முதல் வருஷம் பெண் வீட்டுக்குத்தான் என்று எதிர்பார்ப்பார்கள். புதுத்துணியும் பலகாரமும் எடுத்துக்கொண்டு வந்து முறையாக அழைப்பார்கள். அதை மறுக்காதீர்கள். அதே சமயம் அந்த முதல் வருஷமே "அடுத்த வருஷத்திலிருந்து இப்படிச் செய்யலாம்" என்று இரண்டு பக்கமும் சொல்லி வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று வருஷம் ஒரே மாதிரி நடந்துவிட்டால் அதுவே முறையாகிவிடும், பிறகு மாற்றுவது கஷ்டம்.

அக்டோபர் கடைசி: ரயில் டிக்கெட்

வெளியூரில் இருப்பவர்களுக்கு இது. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். டிசம்பர் 22 ராத்திரி சென்னையிலிருந்து கிளம்ப அக்டோபர் 23 காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். 28ஆம் தேதி திரும்ப அக்டோபர் 29. புதுவருஷமும் முடித்து ஜனவரி 2 அன்று திரும்புவதாக இருந்தால் நவம்பர் 3. நெல்லை எக்ஸ்பிரஸ், முத்துநகர், செந்தூர், அனந்தபுரி, வந்தே பாரத் என்று எத்தனை ரயில் இருந்தாலும் இந்தத் தேதிகளில் இடம் சட்டென்று தீர்ந்துவிடும். ஐஆர்சிடிசி கணக்கை ஆதாரோடு முன்பே இணைத்து வையுங்கள். முன்பதிவு திறந்தவுடன் எடுக்க இணைத்தவர்களுக்குத்தான் முதல் வாய்ப்பு.

போகும் டிக்கெட்டையும் திரும்பும் டிக்கெட்டையும் எடுத்தபின் இரண்டு தேதியையும் இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் சொல்லிவிடுங்கள். ஒரு வீட்டுக்கு முன்பே தெரிந்து இன்னொரு வீட்டுக்கு அக்கம்பக்கம் மூலம் தெரிய வந்தால் அது தேவையில்லாத மனத்தாங்கல்.

நவம்பர்: துணியும் பணமும்

ஜாக்கெட் துணியை நவம்பர் முடிவதற்குள் தையல்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். டிசம்பர் பிறந்தபின் கொடுத்தால் 24ஆம் தேதி சாயங்காலம் கடை வாசலில் நிற்க நேரும்.

இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரே விலையில், ஒரே நாளில் எடுங்கள். அத்தைக்கு எடுத்த சேலையை நான் கொடுப்பேன், என் அம்மாவுக்கு எடுத்ததை அவர் கொடுப்பார். மருமகன் கையால் சேலை வாங்கியதை அம்மா வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பணத்தைப் பொறுத்தவரை, ஒரு வீட்டுக்கு வசதி குறைவு என்றால் அங்கே ஆகும் விருந்துச் செலவை முன்கூட்டியே கையில் கொடுத்துவிடுங்கள். ஆட்டுக்கறிக்கும் முந்திரிப்பருப்புக்கும் டிசம்பரில் என்ன விலை என்று கடைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். நாம் போய் இறங்குவதால் அவர்கள் கடன் வாங்கக் கூடாது.

டிசம்பர் இரண்டாம் வாரம்: பலகாரம்

அம்மா அடுப்பு மூட்டும்போது கூட இருக்க முடியாவிட்டால் பலகாரத்தில் ஒன்றையாவது நீங்கள் செய்து கொண்டு போங்கள். எனக்கு முந்திரிக்கொத்துதான் பிடிக்கும், ஏனென்றால் ஊர்ப் பயணத்துக்குத் தாங்கும். சிறுபயறை வாசம் வரும்வரை வறுத்து, தோல் நீக்கி, கரகரப்பாகத் திரித்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ பயறுக்கு முக்கால் கிலோ வெல்லமோ கருப்பட்டியோ பாகு காய்ச்சி வடிகட்டுங்கள். மாவில் பாகை ஊற்றி, வறுத்த தேங்காய்த் துருவல், எள், ஏலக்காய், கொஞ்சம் சுக்கு சேர்த்துச் சூட்டோடு உருண்டை பிடிக்க வேண்டும். சூடு ஆறினால் உதிரும். உருண்டைகளை ஒரு ராத்திரி அப்படியே காற்றாட விடுங்கள். அவசரப்பட்டு அன்றே பொரித்தால் எண்ணெயில் கரைந்துவிடும். மறுநாள் பச்சரிசி மாவில் மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்துக் கரைத்து, மூன்று மூன்று உருண்டையாக முக்கிப் போட்டுப் பொரித்தெடுக்கலாம்.

பலகாரத்தில் கவனிக்க வேண்டியது முட்டை. சம்பந்தி வீடோ பக்கத்து வீடோ சைவமாக இருந்தால் பிளம் கேக்கும் தூத்துக்குடி மக்ரூனும் அந்தத் தட்டில் போகக் கூடாது. மக்ரூன் என்றாலே முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சர்க்கரையும்தான். அச்சுமுறுக்கிலும் முட்டை சேர்ப்பவர்கள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். முந்திரிக்கொத்து, கைமுறுக்கு, தேங்காய்ப்பாலில் கிண்டிய முதலூர் மஸ்கோத் அல்வா ஆகியவற்றை யார் வீட்டுக்கும் தயங்காமல் கொடுக்கலாம்.

ஆர்.சி. வீடு என்றால் குடிலையும் நினைத்துக்கொள்ளுங்கள். தட்டில் மண் பரப்பி வெந்தயமோ கேழ்வரகோ 16, 17ஆம் தேதி வாக்கில் விதைத்தால் 24ஆம் தேதி குடிலுக்குப் பச்சைப் புல்வெளி தயார். நான் முதன்முதலில் அத்தை வீட்டுக் குடிலுக்கு விதை தூவிய வருஷத்தில்தான் அந்த வீட்டில் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று தோன்றியது. எங்கள் வீட்டில் நட்சத்திரம் கட்டுவோம், வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் வரும் பிள்ளைகளுக்குச் சுக்குக்காப்பி போடுவோம், ஆனால் குடில் கிடையாது. இப்போது என் மகன் இரண்டையும் செய்கிறான்.

24 ராத்திரியும் 25 விடியலும்

வேறு சபைகளில் கல்யாணம் செய்தவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஆர்.சி. கோயில்களில் கிறிஸ்துமஸ் பூசை பெரும்பாலும் 24ஆம் தேதி ராத்திரி பதினொன்றரை வாக்கில் தொடங்கும். சி.எஸ்.ஐ. ஆலயங்களில் 25 விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்கு ஆராதனை. ஒன்று முடிந்தபின்தான் இன்னொன்று வருகிறது. இரண்டையும் ஒரே ராத்திரியில் பார்க்கலாம்.

ஆனால் இடையில் உள்ள சாலையை நினைக்க வேண்டும். பாளையங்கோட்டையிலிருந்து எங்கள் ஊர் 50 கிலோமீட்டருக்கு முன்னே பின்னே. இரண்டாம் வருஷம் பைக்கில் போனோம். ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் அவருக்குக் கண் சொருகியது. வண்டியை நிறுத்தி, முகம் கழுவி, விடிந்தபிறகுதான் ஊர் போய்ச் சேர்ந்தோம். அப்படிச் செய்யாதீர்கள். நாங்கள் இப்போது பின்பற்றுவது இது:

24ஆம் தேதி மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஆறு வரை கட்டாயமாகத் தூங்குவது. வாடகைக் காரும் ஓட்டுநரும் டிசம்பர் முதல் வாரத்திலேயே சொல்லி வைப்பது. அந்த ராத்திரியில் ஓட்டுநருக்கும் கோயில் இருக்கலாம், அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் வாசலில் விழித்துக் காத்திருக்கக் கூடாது, பகலில் தூங்கிவிட்டு இரண்டரை மணிக்கு வரச் சொல்ல வேண்டும். பூசை முடிந்து ஒரு மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து, பாலனை வைத்து, கேக் வெட்டி, அத்தையோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்போம். மூன்று மணிக்குக் கிளம்பினால் நாலரைக்கு ஊர். அம்மா வெந்நீர் போட்டு வைத்திருப்பாள். குளித்துப் புதுத்துணி மாற்றி ஆலயம் போனால் ஐந்து மணி ஆராதனைக்குச் சரியாக இருக்கும்.

வேல்ஸ் நாட்டு மிஷனரி ஜான் தாமஸ் எழுப்பிய எங்கள் தூய பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி. இருட்டில் தேரிச் செம்மணல் மேட்டுப் பக்கமிருந்து வரும்போது அதன் விளக்கு முதலில் கண்ணில் படும். அதைக் காணும்போது தூக்கம் போய்விடும்.

கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட இருந்தால், மாசமாக இருந்தால், இந்த ஓட்டம் வேண்டாம். ஒரு வருஷம் நடுச்சாமப் பூசை, அடுத்த வருஷம் விடியற்காலை ஆராதனை என்று மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு வீடும் ஒரே சபையாக இருந்தாலும் இதேதான்.

ஆராதனை முடிந்து வந்ததும் எங்கள் வீட்டில் இட்லியும் கறிக்குழம்பும். அதுதான் அப்பாவுக்குக் கிறிஸ்துமஸ். மத்தியானமும் அங்கேயே. சாயங்காலம்வரை தூங்கிவிட்டு, 26ஆம் தேதி பாளையங்கோட்டை திரும்புவோம்.

கோயிலுக்குள்

நற்கருணை அப்பம் வாங்குவது பற்றி முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி. பூசையில் மற்றச் சபையினருக்கு நற்கருணை கொடுப்பதில்லை. நான் அந்த நேரத்தில் பெஞ்சிலேயே முழங்காலில் இருந்து ஜெபம் செய்வேன். முதல் தடவை பக்கத்து வீட்டு அக்கா "எழும்பிப் போம்மா" என்று தட்டிவிட்டார். அவருக்குத் தெரியாது. அதற்கப்புறம் அத்தை என் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார். அப்படி யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

பொட்டு, பூ. எங்கள் வீட்டில் பொட்டு வைக்கும் வழக்கம் இல்லை. அவர் வீட்டில் பொட்டும் பூவும் இல்லாமல் மருமகள் கோயிலுக்குக் கிளம்பினால் பெரியவர்களுக்கு மனசு கேட்காது. நான் பூ வைத்துக்கொள்வேன், பொட்டு வைக்கமாட்டேன் என்று முதலிலேயே பணிவாகச் சொன்னேன். "சரிம்மா, பூவாவது நெறைய வையி" என்று அத்தை சொல்லிவிட்டார். சிலர் இந்த வீட்டுக்கு ஒரு மாதிரி, அந்த வீட்டுக்கு ஒரு மாதிரி இருந்துவிடுவார்கள். அதுவும் தவறில்லை. கிளம்பும் நேரத்தில் கண்ணாடி முன்னால் நின்று இதைத் தீர்மானிக்கும்படி விட்டுவிடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் சொல்லும்போது எங்கள் வீட்டில் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கும், அவர் வீட்டில் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று தொடங்கும். எந்த வீடோ அந்த வீட்டு ஜெபம். பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லிக்கொடுங்கள், அவர்கள் மாற்றி மாற்றிச் சொல்வதைக் கேட்க இரண்டு பக்கத்துத் தாத்தாவும் ஆசைப்படுவார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். பிள்ளைக்கு ஞானஸ்நானம் எங்கே, பிள்ளை எந்தச் சபை என்ற பேச்சை கிறிஸ்துமஸ் இலையில் எடுக்க விடாதீர்கள். யாராவது தொடங்கினால் "அதை நாங்க ரெண்டு பேரும் பேசிச் சொல்லுதோம் மாமா" என்று சொல்லி, அடுத்த கரண்டி சோறு வையுங்கள்.

சம்பந்தி வீடு இந்துவாக இருந்தால்

என் தம்பி மனைவி திருநெல்வேலி டவுனில் சைவப்பிள்ளை வீட்டுப் பெண். கிறிஸ்துமஸ் எப்போதும் மார்கழியில்தான் வரும். அவர்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்க கவுச்சி கிடையாது, விடியற்காலை வாசலில் கோலம், கோயில். அவளுடைய அண்ணன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தால் மண்டல பூஜைவரை விரதம், அது டிசம்பர் 26, 27 வாக்கில்தான் முடியும். அதனால் 25ஆம் தேதி பிரியாணிக்கு அழைத்து அவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது. நாங்கள் சாயங்காலமாக அழைக்கிறோம். தனிப் பாத்திரத்தில், அன்றைக்குக் கறி வைக்காத அடுப்பில், சொதியும் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்குப் பொரியலும். தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைக்க என் அம்மா அறுபது வயதில் அவளிடமிருந்துதான் கற்றுக்கொண்டாள்.

பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குப் போகும்போது உங்கள் வீட்டார் எதைச் சாப்பிடுவார்கள், எதைச் சாப்பிடமாட்டார்கள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். சில கிறிஸ்தவக் குடும்பங்கள் படைத்த பொங்கலைச் சாப்பிடமாட்டார்கள். படைப்பதற்கு முன் தனியாக எடுத்து வைத்துக் கொடுத்தால் யாருக்கும் வருத்தமில்லை.

மழை, துக்கம்

டிசம்பர் நமக்கு மழைக்காலம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்ததை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. தாமிரபரணி ஓரத்து ஊர்களில் சாலைகள் அறுந்துபோயின. அந்தக் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் புதுத்துணி எடுக்கவில்லை. அந்தப் பணத்துக்கு அரிசியும் பாயும் போர்வையும் வாங்கிக்கொண்டு போனோம். அதனால் சாலை போய்விட்டால் என்ன செய்வது என்பதை முன்பே இரண்டு வீட்டிலும் பேசி வையுங்கள்: யார் எந்த ஊரில் இருக்கிறோமோ அங்கேயே இருப்போம், ஆராதனை முடிந்ததும் வீடியோவில் கூப்பிடுவோம்.

அந்த வருஷத்தில் யாராவது இறந்திருந்தால் பல வீடுகளில் நட்சத்திரம் கட்டமாட்டார்கள், எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். அப்போது கணக்குப் பார்க்காமல் துக்க வீட்டில்தான் நாள் முழுக்க இருக்க வேண்டும். மற்ற வீட்டார் அதைக் கேட்காமலே புரிந்துகொள்வார்கள். பலகாரம் மட்டும் நாம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

26ஆம் தேதியும் 31ஆம் தேதியும்

26 அன்று இரண்டு வீட்டையும் ஒன்றாகச் சேர்க்கப் பாருங்கள். எங்கள் அம்மா அப்பா பாளையங்கோட்டைக்கு வருவார்கள். அப்பாவுக்கு முதலில் ஊசிகோபுரம் போக வேண்டும். 1826இல் கட்டிய ஆலயம் அது, அவர் படித்த காலத்தில் அங்கேதான் பாடகர் குழுவில் இருந்தார். என் மாமாவும் கூடப் போவார். இரண்டு பேரும் திரும்பி வரும்போது மணி இரண்டாகும், சாப்பாட்டுக்கு யாரும் அவசரப்படுவதில்லை.

25ஆம் தேதி எந்த வீட்டுக்குக் குறைவாகக் கிடைத்ததோ அந்த வீட்டுக்கு 31 ராத்திரியைக் கொடுங்கள். ஆர்.சி. கோயில்களில் நன்றிப் பூசை, சி.எஸ்.ஐ. ஆலயங்களில் வாட்ச்நைட் ஆராதனை, புதுவருஷ வாக்குத்தத்த வசனம். இரண்டுமே ஒரே நேரத்தில் நடப்பதால் இதில் ஓட முடியாது, ஒரு வீடுதான்.

கிளம்பும்போது பாத்திரங்களைச் சரிபாருங்கள். அம்மா கொடுத்துவிட்ட தூக்குவாளி அத்தை வீட்டில் இருக்கும், அத்தையின் எவர்சில்வர் டப்பா ஊரில் இருக்கும். வெறும் பாத்திரமாகத் திருப்பி அனுப்புவது நம் பக்கத்தில் வழக்கமில்லை. போன வருஷம் அம்மாவின் தூக்குவாளியில் அத்தை மக்ரூன் நிரப்பிக் கொடுத்தார். அதை அம்மா பிப்ரவரிவரை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.